செல்வி போட்ட காவல்

மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வெட்டிக்கொண்டிருந்த வெற்றிவேல், வேலையைப் பாதியில் விட்டுவிட்டு உச்சிவெயிலில் வீடு வந்து சேர்ந்தான். வழியில் மூன்று தடவை வாந்தி. வயிற்றாலும் போயிற்று. படலைத் திறக்கப்போனவனை அவன் மனைவி செந்தமிழ்ச்செல்வி குரலாலேயே நிறுத்தினாள்.

"அங்கியே நில்லுங்க. இன்னா ஆச்சி?"

விஷயத்தைக் கேட்டதும் அவள் கை காட்டிய இடம் மாட்டுக் கொட்டகை. சொந்த வீட்டில் ஒருத்தனுக்கு இப்படியொரு வரவேற்பு! வெற்றிவேலுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் கோபப்படவும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

"புருசன் சாவக் கெடக்குறான், மாட்டோட கட்டிப் போடுறியா?"

"மாட்டுக்கு இது ஒட்டாது. புள்ளைக்கு ஒட்டும்" என்றாள் செல்வி.

உள்ளே தூளியில் கிடந்த இலக்கியாவுக்கு ஏழு மாதம். குறைமாதத்தில் பிறந்து, இருபது நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்து மீண்டவள். இன்னும் எடை ஏறவில்லை. ஒருநாள் வயிற்றால் போனால்கூட அந்த உடம்பு தாங்காது. அது அப்பனுக்கும் தெரியும் என்பதால் முனகிக்கொண்டே கொட்டகைக்குப் போனான்.

செல்வி கல்யாணத்துக்கு முன் இரண்டு வருஷம் கள்ளக்குறிச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு துடைத்தவள். 'கக்கூஸ் கழுவின கை' என்று வெற்றிவேலே கேலி பேசியிருக்கிறான். அந்தக் கை இப்போது வேலை செய்வதைப் படுத்தபடி பார்த்தான். தனித் தட்டு, தனி வாளி, தனிச் சோப்பு. அவன் வாந்தி எடுத்த இடத்திலெல்லாம் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி, கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் துடைத்தாள். உப்புச் சர்க்கரைத் தண்ணீரைக் கொட்டகை வாசலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று, மடக்கு மடக்காகக் குடிக்கிறானா என்று பார்த்தாள். பிறகு முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். கொரோனா சமயத்தில் வாங்கிய சானிடைசரை அவன் எடுத்துக் கொடுக்கச் சொன்னபோது, "அதுக்கெல்லாம் இந்தக் கிருமி மசியாது" என்று ஒதுக்கினாள்.

"எங்க வெட்டுக் கூட்டத்துல யாருமே எச்சில் பண்றதில்ல. அண்ணாந்துதான குடிக்கிறோம். எப்பிடி ஒட்டிச்சி?"

"வாயி சுத்தந்தான். குடத்துக்குள்ள சொம்ப வுட்டு மொள்றீங்களே, அந்தக் கை எங்க போய்ட்டு வந்த கை?"

பதினாறு பேர், ஒரே குடம், கரும்புக்குள் ஒதுங்கிவிட்டு வரும் முப்பத்திரண்டு கை. வெற்றிவேல் தன் கையைத் திருப்பிப் பார்த்தான்.

அடுத்து அவள் செய்ததுதான் துணிச்சல். ஒருத்தருக்கு முடியவில்லை என்றால் ரொட்டியும் ஆரஞ்சுமாக அரை ஊர் வந்துவிடும். வந்தவர்கள் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சாமல் போகமாட்டார்கள். வராதீர்கள் என்றால் காலத்துக்கும் பகை. செல்வி ஒரு வேப்பங்கொத்தை ஒடித்துப் படலில் செருகினாள். அம்மை கண்ட வீடு என்று நினைத்து, வந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பினார்கள்.

"ஆத்தா பேர்ல பொய்யா?" என்று வெற்றிவேல் நடுங்கினான்.

"ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க தண்ணியக் குடிங்க."

மூன்றாம் நாள் ராத்திரியோடு எல்லாம் நின்றது. "நின்னாலும் ரெண்டு நாளு ஒட்டும்" என்று அவள் கொட்டகையை விட்டு அவனை வெளியே விடவில்லை. பிளீச்சிங் தண்ணீரில் அவள் விரலெல்லாம் வெடித்திருந்தது. இப்படிப்பட்டவளையா கேலி பேசினோம் என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

நான்காம் நாள் காலையில் வந்தார் ராமசாமி. வெட்டுக் கூட்டத்து மேஸ்திரி, அதே குடத்தில் தண்ணீர் குடித்தவர், வெற்றிவேலுக்குத் தாய்மாமன். கொட்டகை வாசலில் நின்றவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒடம்புல ஒரு அம்மை முத்து கூட இல்லியே! ஆத்தா பேரச் சொல்லி ஊர ஏமாத்திக்கினு கீறீங்களா? நான் புள்ளையப் பாக்கணும்."

படலைத் தள்ளினார். அந்த மாமனை எதிர்த்து வெற்றிவேல் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. ஓடிப்போய்ப் படலுக்குக் குறுக்கே நின்றான்.

"மாமா, ஒங்க வூட்ல எத்தினி பேரு படுத்துக்கினு கீறாங்க?"

அவர் குரல் இறங்கியது. "அஞ்சு பேரும்தான். எனக்கே நேத்துதான் நின்னுது."

"எங்க வூட்ல நான் ஒருத்தன்தான். அதுக்கு அவதான் காரணம். ஆத்தா கேட்டா நான் பதில் சொல்றேன். நீங்க உள்ள வராதீங்க."

மாமன் படலிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "எங்க வூட்டுக்கு இன்னா பண்ணணும்னு அந்தப் பொண்ணக் கேட்டுச் சொல்லு" என்றார்.

சத்தம் கேட்டுச் செல்வி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். நாலு நாளாகப் பார்க்காத அப்பனைக் கண்டதும் இலக்கியா இரண்டு கையையும் நீட்டித் தாவினாள். வெற்றிவேலின் கால் தானாக ஓர் எட்டு முன்னால் போனது. செல்வி தடுக்கவில்லை, சும்மா பார்த்தாள்.

அவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"நாளன்னிக்கு தூக்குறேன்டி தங்கம்" என்றான். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கக் கையை எடுக்கவில்லை.