கூரையிலிருந்து இறங்கிய மணப்பெண்

குவாந்திக் கசாக்ஸ்தானின் அல்மாட்டி நகரில் கல்யாணப் பாட்டுக்கு மெட்டுப் போட்டுப் பேர் வாங்கியவன். அந்தப் பேர்தான் வினையாகப் போயிற்று. சினிமாக்காரர்களிடம் போய் நின்றால், "அடடே, என் மச்சினன் கல்யாணத்துல உங்க பாட்டுதான்!" என்று கட்டிப்பிடிப்பார்கள், வேலை மட்டும் வேறு யாருக்காவது போகும். இந்தத் தடவை விடுவதில்லை என்று பழைய ஸ்டுடியோவை இடித்து, கூரையை உயர்த்தி, சுற்றிலும் ஸ்பீக்கர், தலைக்கு மேலும் ஸ்பீக்கர் என்று மாட்டிவிட்டான். இனி அங்கே மழை மேலிருந்துதான் பெய்யும். புதுப் படத்துக்கு இசையமைப்பாளர் தேடிக்கொண்டிருந்த இயக்குநர் ரௌஷான், சனிக்கிழமை கேட்க வருவதாகச் சொல்லியிருந்தாள். அந்தப் படம் கிடைத்தால் கல்யாண முத்திரை அழியும். கிடைக்காவிட்டால் சாகும்வரை மணப்பெண்ணின் முக்காடு விலக்கும் பாட்டுதான்.

வெள்ளிக்கிழமை திறப்பு விழா. மகளின் மாமியார் பீபிகுல், ஷாஷூப் பையோடு வந்து இறங்கினாள். பை நிறைய மிட்டாயும் சில்லறைக் காசும். நல்ல காரியம் என்றால் அதைத் தலைமேல் வாரி இறைக்க வேண்டும், பொறுக்கியவர்களுக்கு அதிர்ஷ்டம்.

"இங்க வேண்டாம்மா, எல்லாம் நுணுக்கமான சாமான்," என்றான் ஸ்பீக்கர் மாட்டிய வாதிம்.

"நீ சும்மா இரு தம்பி. ஷாஷூ இல்லாமத் திறக்க இது என்ன கக்கூஸா?"

குவாந்திக் வாதிமின் தோளைப் பிடித்து ஒதுக்கினான். சம்பந்தியம்மாளை எதிர்த்துப் பேசுகிறவன் கசாக்கே இல்லை. அவளோ இளமையில் வாலிபால் ஆடியவள். தோள் இன்னும் அப்படியே இருந்தது. கூரையின் உயரத்தைப் பார்த்ததும் உற்சாகம் தலைக்கேறி, வீசு வீசென்று வீசினாள். பெண்கள் விழுந்தடித்துப் பொறுக்கினார்கள். மேலே போனதெல்லாம் கீழே வந்ததா என்று ஒருவரும் பார்க்கவில்லை.

மறுநாள் ரௌஷான் தேநீர் குடித்துவிட்டு, நடுநாற்காலியில் உட்கார்ந்தாள். ஸ்தெப்பிப் புல்வெளியில் புயல் அடிக்கும் காட்சி ஒன்றுக்குக் குவாந்திக் இசையமைத்து வைத்திருந்தான். மழை மேலிருந்து பெய்தது. இடி ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு உருண்டது. கூடவே கடகட, கடகட என்று ஏதோ ஆடியது.

"என்ன அண்ணா, இடிக்குப் பல்லு ஆடுதா?" என்றாள் ரௌஷான்.

குவாந்திக்கின் காதெல்லாம் சூடாகிவிட்டது. வாதிம் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். கூரை ஸ்பீக்கரைத் தாங்கும் இரும்புப் பட்டைக்கு மேலே கைவிட்டு, காசும் மிட்டாயுமாக அள்ளினான். அடுத்ததிலும் அதே கதை.

"அண்ணே, சம்பந்தியம்மா ஒண்ணையும் விடல. அப்படி ஒரு குறி!"

ரௌஷான் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஒரு மிட்டாயை எடுத்துத் தன் மகளுக்கென்று கைப்பையில் போட்டுக்கொண்டாள். சிரித்துவிட்டாள், இனி படம் நமக்குத்தான் என்று குவாந்திக் நினைத்தான்.

மறுபடி ஓடவிட்டார்கள். ஒரு பிசிறில்லை. மழை துளித் துளியாகக் கேட்டது. குதிரைகள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்து தலையைத் தாண்டி ஓடின. முடிந்ததும் ரௌஷான் கைப்பையைத் தோளில் மாட்டினாள்.

"பிடிக்கலையா தங்கச்சி?"

"ஸ்டுடியோ அற்புதம் அண்ணா. சத்தியமா."

"ஆனா?"

"மொதல்ல அந்தக் கடகடதான் கோளாறுன்னு நெனச்சேன். இப்பத்தான் எல்லாம் பளிச்சுனு கேக்குது. புயல்ல ஆடு மாடு சாகுது, உங்க வயலின் மட்டும் கல்யாணப் பொண்ணை அழைச்சுட்டு வருது. முன்னாடி வாசல் வழியா வந்தா, இப்பக் கூரையிலேர்ந்து எறங்குறா. அதான் வித்தியாசம்."

குவாந்திக்கிற்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் சொன்னது உண்மை என்பதால் இரண்டு மடங்காக வந்தது. வாதிம் ஏணியை மடிப்பதில் மும்முரமாகிவிட்டான். ரௌஷான் எழுந்து வாசலுக்குப் போய், பூட்ஸில் ஒரு காலை நுழைத்தாள்.

"உன் படத்துல ரொம்பக் கஷ்டமான காட்சி எது?" என்று கேட்டான் குவாந்திக்.

அவள் நிமிர்ந்தாள். "பொண்டாட்டியை அடக்கம் பண்ணிட்டு வந்தவன், சமையக்கட்டுல டீ ஊத்துவான். பழக்கத்துல ரெண்டு கிண்ணம் எடுத்துருவான். அவ்வளவுதான்."

"வாதிம், எல்லாத்தையும் அணை."

"அண்ணே, இவ்வளவும் மாட்டினது…"

"அணைடா!"

சுவரில் தொங்கிய தோம்ப்ரா என்ற இரட்டைத் தந்தி வாத்தியத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். ஒற்றைத் தந்தியில் ஒரு சின்ன வரி வாசித்தான். அதையே கொஞ்சம் இறக்கி இன்னொரு தரம். வரி முடியும் இடத்தில் விரல்கள் குதித்தன. முக்காட்டை விலக்கும்போது போடுவானே, அந்த ஜலஜலப்பைப் போடத் துடித்தன. தும்மலை அடக்குவது போல இருந்தது. வலது கையை இழுத்துத் தொடைக்கு அடியில் சொருகி, அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டான். ஒலி மெல்லத் தேய்ந்தது. புதுச் சுவர்களுக்குள் அந்த அமைதி நாலு பக்கமும், தலைக்கு மேலும் நின்றது.

"அண்ணா," என்றாள் ரௌஷான், போட்ட பூட்ஸைக் கழற்றிக்கொண்டே, "படம் முடியிற வரைக்கும் அந்தக் கை மேலேயே உக்காந்திருப்பீங்களா?"