தழலுக்குப் போட்ட சோறு

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள்: கட்டிலில், முதுகுக்குத் தலையணை முட்டுக்கொடுத்து உட்கார வைக்கப்பட்ட சூப்பர்வைசர். தலைமாட்டில், அங்கே இருந்த ஒரே நல்ல நாற்காலியில் போதகர். கால்மாட்டில், எந்தப் பாட்டையும் எட்டாத உயரத்தில் ஆரம்பித்துவிட்டு மற்றவர்களை அந்தரத்தில் தொங்கவிடும் சுருதி அக்கா. ஜன்னல் திட்டில் பாதி உட்கார்ந்தும் பாதி நின்றும் தையல்காரர். கதவோரம், வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டபடி ரோலர்காரர். அடுப்பு மேடைக்குப் பக்கத்தில், சாப்பாட்டு டப்பாவோடு அவர் மனைவி. இரண்டு மூன்று பேர் கூடினாலே நடுவில் வந்துவிடுவதாக வாக்குக் கொடுத்த கர்த்தரும் இருந்திருக்க வேண்டும். வந்திருந்தால் அவருக்கு உட்கார இடம் இல்லை.

ரோலர்காரர் மனைவியின் கண் சூப்பர்வைசரின் தலையைவிட்டு நகரவில்லை. முன்பக்கம் வழுக்கை விழுந்து, எண்ணெய் பூசின மாதிரி மினுமினுக்கும் தலை. அங்கே புகை வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்டத்தட்ட ஒரு வருஷமாக அவள் அந்தத் தலைமேல் நெருப்பு மூட்டிக்கொண்டிருக்கிறாள்.

ஆஸ்பத்திரிகளுக்கும் விடுதிகளுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கும் சலவை ஆலை ஒன்றில்தான் எல்லாம் ஆரம்பித்தது. ஈரப் படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைகளுக்கு நடுவே தள்ளுகிறவர் அவள் புருஷன். மறுபக்கம் காகிதம் மாதிரி வெளியே வருவதைப் பிடித்து மடிக்கிறவள் அவள். உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. விரல் பட்டால் இயந்திரம் நின்றுவிடும். துணி கொஞ்சம் சுருண்டு பட்டாலும் நின்றுவிடும். அதுதான் சூப்பர்வைசருக்குப் பிடிக்கவில்லை. விரிப்புகள் மலையாகக் குவிந்த ஒரு நாள் ஸ்பானரோடு வந்து, அந்தக் கம்பியைத் தன் கையாலேயே கழற்றிச் சுவரில் சாத்தினான்.

"தொட்டா நிக்குது, தும்முனா நிக்குது. இனிமே நிக்காது. தள்ளுய்யா!"

நிற்கத்தான் இல்லை. மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் ரோலர்காரரின் கை உள்ளே போய்விட்டது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலில் பாதியும் மிச்சம்.

விசாரணைக்கு ஆட்கள் வருவதற்குள் கம்பி ஒன்றும் தெரியாத பிள்ளையாகப் பழைய இடத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது. சூப்பர்வைசர் ஒரே ஒரு வாக்கியம் சொன்னான்: "ஆள் குடிச்சிருந்தான்." கம்பி சுவரில் சாய்ந்திருந்ததை அவள் கண்ணால் பார்த்தவள். சொன்னாள். பெண்டாட்டி வேறு எப்படிச் சொல்வாள் என்று சிரித்துவிட்டுப் போனார்கள்.

அந்த ஒரு வாக்கியம் ஆலையோடு நின்றிருந்தால்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பாள். அது சபைக்குள்ளும் நுழைந்தது. ரோலர்காரர் ஒரு காலத்தில் குடித்தவர்தான். தெருவுக்கே தெரியும்படி குடித்தவர். ஞானஸ்நானம் எடுத்த பிறகு தொட்டதில்லை. அதனாலேயே சபை அவரை நம்பி, திருவிருந்துத் தட்டை அவர் கையில் கொடுத்திருந்தது. திராட்சை ரசம் ஊற்றிய சின்னச் சின்னக் கிண்ணங்கள் அடுக்கிய தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாக அவர் நடக்கும்போது ஒரு சொட்டு சிந்தாது. கைக்கட்டு பிரித்து அவர் சபைக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, போதகர் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப்போய், "கொஞ்ச நாள் உட்காருங்க அண்ணே. ஜனங்க பேசுறாங்க," என்றார். தட்டு தையல்காரர் கைக்குப் போயிற்று. அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

கை போனதற்கு ரோலர்காரர் அழவில்லை. தட்டுப் போன அன்றைக்கு வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், சாயங்காலம் வரை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அந்த முதுகை அவள் மறக்கவில்லை. மறக்கக் கூடாது என்று தினமும் ஒரு தடவை நினைத்துக்கொண்டாள்.

அப்புறம் சூப்பர்வைசருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம். மடிப்பு மேசையில் சேதி கேட்டபோது அவள் வாய்விட்டுப் பாடினாள். ஸ்தோத்திரப் பாட்டுத்தான். பக்கத்தில் இருந்தவர்கள் பக்தி என்று நினைத்தார்கள்.

அவன் மனைவி அவனை விட்டு மகன் வீட்டுக்குப் போய்ப் பல வருஷம். ஆலையிலிருந்து ஒரு பழக்கூடை வந்தது, அதோடு சரி. தையல்காரருக்குப் பழைய வாடிக்கையாளன் என்பதால் சபை போய்ப் பார்த்தது. படுக்கையில் விழுந்தவன் சட்டென்று விசுவாசியும் ஆனான். யார் சாப்பாடு கொடுப்பது என்ற கேள்வி வந்தது. அந்த வாரம் போதகர் அன்பைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். பகைவனுக்குப் பசித்தால் சாப்பாடு போடச் சொன்னார். அப்படிப் போடுவது அவன் தலையில் நெருப்புத் தழலை அள்ளிக் குவிப்பது மாதிரி என்று வசனத்தைக் காட்டினார். சபை முழுக்க அன்பைக் கேட்டது. அவள் தழலைக் கேட்டாள்.

"நான் போடறேன்," என்று எழுந்து நின்றாள். பின் வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

வஞ்சனை இல்லாமல் சமைத்தாள். ஆறிப்போனதைக் கொடுத்தால் தழலும் ஆறிவிடும் என்று சுடச்சுடக் கொண்டுபோனாள். வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்த பிறகு ஒரு தடவை. ஸ்பூனால் ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டு, தலையை ஒரு தடவை உற்றுப் பார்ப்பாள். மன்னிக்க மனசு கொடு என்று அவள் ஒரு நாளும் ஜெபித்ததில்லை. சமைக்கப் பலம் கொடு என்றுதான் கேட்டாள். கிடைத்தது.

வீட்டில் ரோலர்காரர் கேட்பார்: "என்ன, பத்திக்கிச்சா?"

"இன்னும் இல்ல."

"விறகு ஈரமா இருக்கும்."

"சிரிங்க, நல்லாச் சிரிங்க."

"எனக்கு ஒரு முட்டை, அவனுக்கு ரெண்டா?"

"எரிய வேண்டியது அவன்தானே."

எரிவதற்குப் பதில் ஊதினான். கன்னம் உப்பியது, கழுத்தில் மடிப்பு விழுந்தது. ஆலையில் அவளை "ஏய், மடிப்பு!" என்று கூப்பிட்டவன், இப்போது "சகோதரி, உப்பு கம்மி," என்றான். அந்த அறைக் கதவின் தாழ்ப்பாள் கெட்டு ரொம்ப நாளாயிற்று. வெளியிலிருந்து சாவி போட்டுப் பூட்டினால்தான் நிற்கும், இல்லாவிட்டால் காற்றுக்கே திறந்துகொள்ளும். எழுந்து வந்து பூட்ட அவனால் முடியாது. ஆகவே சாவி அவளிடம் இருந்தது. அவள் இடுப்பில் செருகிய சாவிக்கு அவன் உயிர் வரை உரிமை இருக்கிற மாதிரி சில நாள் தோன்றும். அந்த நினைப்பை ரசித்துக்கொண்டே நடப்பாள்.

போன வாரம் அவனே வாயைத் திறந்தான். "சகோதரி, சபையாரைக் கூப்பிடுங்க. நான் சாட்சி சொல்லணும்."

அவள் உடனே அவன் தலையைப் பார்த்தாள். பற்றிக்கொண்டுவிட்டது! போதகர் முன்னால், தையல்காரர் முன்னால், கம்பியைக் கழற்றினது நான்தான் என்று சொல்லப் போகிறான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தட்டு வீடு திரும்பும். அந்த அறைக்குள் ஒரு நாளும் கால் வைக்காத புருஷனுக்குச் சட்டை தேய்த்துக் கொடுத்து, "வந்து உங்க காதால கேளுங்க," என்று இழுத்துக்கொண்டு வந்தாள்.

இப்போது சூப்பர்வைசர் தொண்டையைச் செருமினான்.

"கர்த்தர் என்னைக் கட்டில்ல போட்டாரு. நான் கேட்டேன். ஆண்டவரே, நான் யாருக்கு என்ன பண்ணேன்? அழுது அழுது கேட்டேன். பதிலே இல்ல. அப்பதான் இந்தச் சகோதரி கதவைத் திறந்துக்கிட்டு வந்தாங்க, கையில சாப்பாட்டோட. அதுதான் பதில்."

"ஸ்தோத்திரம்," என்றாள் சுருதி அக்கா.

"இவங்க வீட்டுக்காரர் விஷயத்துல என்மேல சிலர் ஏதேதோ பேசுனாங்க. எம்மேல தப்பு இருந்திருந்தா, உலகத்துல யாரு வந்தாலும் இவங்க வருவாங்களா? சொல்லுங்க! ஒரு நாளா ரெண்டு நாளா? தினமும். முட்டையோட. அன்னைக்குத் தப்பு யாரு மேலன்னு இவங்க மனசுக்குத் தெரியும். இவங்க போட்ட சோறே எனக்குச் சாட்சி."

"ஆமென்!" என்றார் தையல்காரர், எல்லோரையும்விடச் சத்தமாக.

அவள் ரோலர்காரரைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. கால்சட்டைப் பைக்குள் மட்டும் ஏதோ அசைந்தது. அவள் ஊட்டின ஒவ்வொரு முட்டையையும் இந்த மனிதன் சாட்சிக் கூண்டில் ஏற்றித் தனக்குச் சாதகமாகப் பேச வைத்துவிட்டான்.

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "சகோதரி, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. மன்னிப்புன்னா என்னன்னு சபை உங்ககிட்ட கத்துக்கட்டும்."

"நான் மன்னிக்கல, ஐயா."

"தாழ்மை," என்றார் போதகர் மற்றவர்களைப் பார்த்து.

"தாழ்மையும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீங்கதானே சொன்னீங்க, சோறு போட்டா தலையில தழல் விழும்னு? அதுக்குத்தான் போட்டேன். தினமும் பாத்தேன். இந்த மண்டையில ஒரு கொப்புளம்கூட வரல."

தையல்காரர் ஜன்னல் திட்டிலிருந்து வழுக்கி நேராக நின்றார். சுருதி அக்கா நிலைமையைச் சமாளிக்க ஒரு பாட்டை ஆரம்பித்தாள். வழக்கம்போல யாருக்கும் எட்டவில்லை. இரண்டாவது வரியில் தனியாக மாட்டிக்கொண்டு, இருமி நிறுத்தினாள்.

"அந்த வசனத்துக்கு அர்த்தம் அது இல்ல, சகோதரி," என்றார் போதகர். "வெட்கத்தைத்தான் தழல்னு சொல்லியிருக்கு."

"வெட்கமா? நீங்களே பாருங்க. எங்க இருக்குன்னு எனக்கும் காட்டுங்க." அவள் கட்டிலை நோக்கித் திரும்பினாள். "கம்பியைக் கழட்டுனது யாரு?"

"அது பழைய கதை. இந்த வியாதி வந்ததுலேருந்து எனக்கு ஞாபகமே சரியில்ல, சகோதரி."

"நேத்து உப்பு கம்மின்னது ஞாபகம் இருக்கு. அதுக்கு முந்தின நாள் முட்டை வேகலன்னது ஞாபகம் இருக்கு. இது மட்டும் மறந்துடுச்சா?"

"ஜெபத்தோட முடிச்சுக்கலாம்," என்று போதகர் எழுந்தார். அவர் வாழ்நாளில் செய்த ஜெபங்களிலேயே மிகவும் சின்னது அதுதான். ஆமென் சொல்லும்போதே கால் வாசலில் இருந்தது. "மனசு ஆறட்டும், சகோதரி. அப்பறம் பேசலாம்."

"சாப்பாடுதான் ஆறுது, ஐயா."

தையல்காரர் போகிற போக்கில், "நோயாளிகிட்ட இப்படியா பேசுறது," என்று முணுமுணுத்தார். ரோலர்காரர் அவருக்கு வழிவிட்டு ஒதுங்கினார். "தட்டைப் பாத்துப் பிடிங்க அண்ணே. போன வாரம் என் சட்டையிலயே ஊத்துனீங்க."

கூட்டம் படியிறங்கிப் போனது. அறையில் மூன்று பேர் மிஞ்சினார்கள். அவள் டப்பாவைத் துணியில் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

"இனிமே ஆமென் சொன்னவங்க வந்து ஊட்டட்டும்."

"சகோதரி," என்றான் சூப்பர்வைசர் மெதுவாக. "இன்னைக்குச் சாப்பாடு?"

அவள் கை டப்பாவை அவன் முகத்தில் எறிந்துவிடுமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது. அப்போது ரோலர்காரர் கதவோரத்திலிருந்து நகர்ந்து வந்தார்.

"டப்பாவை இங்க வை."

"நீங்க எதுக்கு?"

"நீ ஒரு வருஷமாப் போட்டுப் பாத்துட்ட. நெருப்புல தப்பு இல்ல. கையிலதான் தப்பு. உன் கை முழுசா இருக்கு, அதைப் பாத்தா இவருக்கு எப்படி எரியும்?"

பையிலிருந்து வலது கையை எடுத்தார். அதன்மேல் மாட்டியிருந்த காலுறையை இடது கையால் உருவிப் போட்டார். ஆலையில் துணி சுற்றிக் கொண்டுபோனதோடு சரி, சூப்பர்வைசர் அந்தக் கையைப் பார்த்ததே இல்லை. உருளைச் சூட்டில் வெந்து, இழுத்துத் தைத்த தோல், பளபளவென்று, ஊதாவும் வெள்ளையுமாக. தைத்த இடத்தில் கோணலாகத் துருத்திய கட்டைவிரல். பாதி விரல் ஒன்று தன்பாட்டில் துடித்துக்கொண்டிருந்தது.

போதகர் உட்கார்ந்த நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு ரோலர்காரர் உட்கார்ந்தார். மிச்சமிருந்த இரண்டுக்கும் நடுவே ஸ்பூனை இடுக்கி, சோற்றை அள்ளி, நடுங்க நடுங்கக் கொண்டுபோனார். பாதி மடியில் சிந்தியது. கை சூப்பர்வைசரின் மூக்குக்கு நேராக நின்றது.

"வாயைத் திறங்க சார்."

"எனக்குப் பசிக்கல."

"பசிக்கும். நான் இருக்கேன். போறதுக்கு எனக்கு வேற வேலை இல்ல. நீங்கதான் இல்லாமப் பண்ணிட்டீங்களே. கண்ணை மூடாதீங்க, மேல கொட்டிடும்."

சூப்பர்வைசர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பப் பார்த்தான். அந்தப் பக்கம் திரும்பக் கழுத்து ஒத்துழைக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் ரெண்டு வேளையும் நான்தான்," என்றார் ரோலர்காரர். குரலில் கோபமே இல்லை. துணி எண்ணுகிற குரல். "அன்னைக்கு உங்களை நாற்காலியோட தூக்கிட்டுப் போய்ச் சபைக்கு முன்னால உக்கார வைக்கிறோம். அங்க சாட்சி சொல்லுங்க. சொல்ல வரலையா, அதுக்கடுத்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் நான்தான். இந்தக் கைதான்."

அவள் பார்த்தாள். வழுக்கையின் விளிம்பில், முடி ஆரம்பிக்கிற இடத்தில், ஒரு துளி வேர்வை முளைத்தது. பக்கத்தில் இன்னொன்று. அறையில் அவ்வளவு புழுக்கம் இல்லை. இரண்டும் சேர்ந்து நெற்றியில் கோடாக இறங்கின. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள், சிரித்துவிடாமல் இருக்க.

"நீ கிளம்பு," என்றார் ரோலர்காரர் திரும்பாமலே. "பூட்டிட்டுப் போ. போதகர் திரும்பி வந்தாலும் வருவாரு, நடுவுல ஜெபம் பண்ண."

அவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள்.

"சகோதரி! சகோதரி, நீங்க இருங்க. நீங்களே ஊட்டுங்க. நான் சொல்லிடறேன். அந்தக் கம்பியை அன்னைக்கு…"

"எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?" என்றாள் அவள். "கை அவரோடது."

வாசல் தாண்டி நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். உள்ளே தெரிந்தது புருஷனின் முதுகு. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அதே முதுகுதான். இப்போது நேராக இருந்தது. காற்று கதவை அசைத்தது. அவள் அதை இழுத்துச் சாத்தி, சாவியைப் போட்டு, இரண்டு சுற்றும் சுற்றிப் பூட்டினாள்.