கண்ணாடியில் சந்தனம்

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தச் சந்தனக் கிண்ணத்தைத் தூக்கி ரோட்டில் வீசியிருப்பேன். மஹபூப் பாஷா பாய் குறுக்கே வந்து நின்றதால் கிண்ணம் தப்பித்தது.

உத்திரமேரூரில் எங்கள் வானியல் மன்றம் நடப்பது பாயின் ஹார்டுவேர் கடை குடோனில்தான். கம்பெனியில் ஷிஃப்ட் முடித்து வந்து, மாதக்கணக்கில் அங்கே நின்று டெலஸ்கோப்புக்கான கண்ணாடியை அரைத்தவள் நான். கண்ணாடி மேல் கண்ணாடி, நடுவே பொடியும் தண்ணீரும். தேய், திருப்பு, மறுபடி தேய், கண்ணாடி குழிந்து வளையும்வரை. தோள்பட்டை விட்டுப்போகும். இவ்வளவு அரைத்ததற்கு ஊருக்கே இட்லி சுட்டிருக்கலாம் என்று அம்மா கிண்டல் செய்வாள். நடவு வேலைக்குப் போகிற அம்மாவுக்கும் எங்கள் காலனி சனத்துக்கும் விஜயதசமி சாயங்காலம் நிலாவைக் காட்டுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். மன்றம் எங்கள் காலனிக்குள் வருவது அதுதான் முதல் தடவை.

முந்தின நாள் குடோனில் ஆயுதபூஜை. டெலஸ்கோப்புக்குக் குழாய் செய்து கொடுத்த லேத் பட்டறை சுப்பிரமணி அண்ணன், பளபளவென்று பூச்சு போட்டு வந்திருந்த என் கண்ணாடியில் சந்தனத்தை அப்பிக் குங்குமமும் வைத்துவிட்டார். முகம் பார்க்கிற கண்ணாடிக்குப் பூச்சு பின்னால் இருக்கும். இதற்கு முன்பக்கம். விரல் பட்டாலே கெட்டது.

"இன்னாண்ணா பண்ணி வச்சிக்கீற?"

"உன் ஒழைப்பாச்சே ஷீபா. அதான் மத்ததுக்கெல்லாம் முன்னாடி இதுக்கு வச்சேன்."

நான் போட்ட கத்தலில் மிரண்டு, தோளில் கிடந்த துண்டால் அழுத்தித் துடைத்தார். வேண்டாம் என்பதற்குள் பூச்சு கீறல் கீறலாகிவிட்டது. பக்தியோடு செய்தவர் மேல் இவ்வளவு கோபமா என்று எல்லாரும் எனக்குத்தான் புத்தி சொன்னார்கள்.

மறுநாள் வேறு வழியில்லாமல் அதையே மாட்டிக் காலனிக்குக் கொண்டுபோனோம். நிலா கொஞ்சம் மங்கல்தான், ஆனாலும் பள்ளம் பள்ளமாகத் தெரிந்தது. பூச்சுதான் கீறியிருந்தது, நான் அரைத்த வளைவு கெடவில்லை. கண்ணை வைத்த அம்மா எடுக்கவே இல்லை.

பக்கத்தில் நின்ற சுப்பிரமணி அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "பாத்தியாம்மா, சந்தனம் வச்சது வீண் போவல" என்றார். அம்மா சட்டென்று திரும்பி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

எனக்குத் தாங்கவில்லை. அந்த இரண்டு கைகளையும் பிடித்து என் பக்கம் திருப்பினேன்.

"அரைச்சது நான்மா. கும்புடறதா இருந்தா என்னக் கும்புடு."