கிறிஸ்துமஸ் பாட்டில் கண்ணைப் பொத்திய அம்மா

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள், செல்லங்களா. கிறிஸ்துமஸே கொண்டாடாத ஒருவன் கிறிஸ்துமஸ் பாட்டு எழுதி மாட்டிக்கொண்ட கதையைச் சொல்கிறேன். தாராளமாகச் சிரிக்கலாம், பிற்பாடு அவனே சிரித்தவன்தான்.

அப்போது ஜூலை மாதம். அமெரிக்காவில், பாட்டுக் கம்பெனிகள் நிறைந்த பிராட்வே தெருவில் நாலாவது மாடி அறை. மின்விசிறி வெக்கையை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. அங்கே சோலம் பிராண்ட்வைன் பனியனோடு உட்கார்ந்து தாளில் பனி பெய்ய வைத்துக்கொண்டிருந்தான். பியானோவில் அவன் கூட்டாளி லூ கட்ஸ்கி. இருவரும் நம் யூத ஆட்கள்தான். மூன்று மணிக்குப் பாடகி மிஸ் ஹால்வர்சன் வருகிறாள். அவளுக்குப் பிடித்தால் பாட்டு இசைத்தட்டாகும். பிடிக்காவிட்டால் திங்கட்கிழமை முதல் சோலம் மச்சானுடைய ஊறுகாய்க் கடையில் வெள்ளரிக்காய்ப் பீப்பாய்க்குள் கைவிட வேண்டியதுதான். மனைவியிடம் அப்படித்தான் சத்தியம் செய்திருந்தான்.

"லூ, கிறிஸ்துமஸ் அன்னிக்கு ஜனங்க என்னடா பண்ணுவாங்க?"

"சீனாக்காரர் கடையில நூடுல்ஸ் சாப்பிடுவாங்க."

"அது நீயும் நானும்டா, மடையா!"

"அப்போ வீட்டைப் பத்தி எழுது. வீடுன்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே."

சோலம் எழுதினான். பொழுது சாய்கிறது, மேசையில் வெள்ளை விரிப்பு, அம்மா மெழுகுவத்தி ஏற்றிவிட்டு இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொள்கிறாள். லூ வாசித்துப் பார்த்து உருகிப்போய் மூக்கை உறிஞ்சினான். இருவருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் யூதர்களின் ஓய்வுநாள் பிறக்கும்போது அவரவர் அம்மா அப்படித்தானே செய்கிறாள்!

மிஸ் ஹால்வர்சன் மின்னசோட்டாக்காரி, போதகர் மகள். மூன்று மணிக்கு வந்து, தாளை வாங்கிப் பாடியவள் அந்த வரியில் நிறுத்தினாள்.

"மிஸ்டர் பிராண்ட்வைன், அம்மா எதுக்குக் கண்ணைப் பொத்திக்கறாங்க?"

"மெழுகுவத்தி ஏத்தினாங்க இல்லையா, மிஸ்."

"சரி. அதுக்கு?"

சோலத்துக்கு அப்போதுதான் உறைத்தது. லூவைப் பார்த்தான். லூ பியானோவுக்கு அடியில் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தான். ஊறுகாய்ப் பீப்பாயின் வாடை நாலு மாடி ஏறி வந்து சோலத்தின் மூக்கில் அடித்தது. ஏதாவது புளுகலாமா என்று பார்த்தான். அம்மா விஷயத்தில் புளுக வாய் வரவில்லை.

"அது எங்கம்மா வெள்ளிக்கிழமை செய்யறது, மிஸ். கண்ணைப் பொத்திக்கிட்டு ஜபம் சொல்லுவாங்க. கிறிஸ்துமஸ் வீட்டுக்குள்ள நான் காலே வச்சதில்ல. அந்த வரியை அடிச்சிடறேன்" என்று பென்சிலை எடுத்தான்.

அவள் தாளை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். "அடிச்சீங்கன்னா தெரியும்! எங்கம்மாவும் பொத்திப்பாங்க. நாங்க ஏழு பிள்ளைங்களும் அவங்களுக்கான பரிசைக் கிறிஸ்துமஸ் மரத்தடியில ஒளிச்சு வைக்கற வரைக்கும். ஆனா விரலிடுக்கால பார்ப்பாங்க, திருடி!"

"எங்கம்மாவும் பார்ப்பாங்க, மிஸ். ரொட்டியை யார் கிள்ளறான்னு."

"கிடைச்சுடுச்சு!" என்று பியானோவுக்கு அடியிலிருந்து லூ வெறுங்கையோடு எழுந்தான்.

டிசம்பரில் ஒருநாள் மத்தியானம், புரூக்ளினில் சோலத்தின் அம்மா பெய்லா வெங்காயம் நறுக்கும்போது வானொலியில் அந்தப் பாட்டு வந்தது. கடைசிவரை கேட்டுவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தாள்.

"பாவம்டா, அந்தப் பொம்பளை. ஏத்தினா, கண்ணைப் பொத்தினா, ஜபத்தை மறந்துட்டாளே!"

"அவங்க கிறிஸ்தவங்கம்மா" என்றான் பக்கத்திலிருந்த சோலம்.

"இருக்கட்டுமே. வெள்ளிக்கிழமை அவளுக்கும் சேர்த்து நானே சொல்லிடறேன்."

செல்லங்களா, உங்கள் வீட்டில் எந்த நாளில் விளக்கு ஏற்றினாலும் மேசை நிறைந்திருக்கட்டும். உங்கள் அம்மா விரலிடுக்கால் எண்ணிப் பார்க்கும்போது ஒரு தலைகூடக் குறையாமல் இருக்கட்டும்.