அலமாரிக்குள்ளிருந்து ஒரு குரல்

துணிகள் தொங்கிய அலமாரிக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள் அழுகைக்காரி. டப்பிங் ஸ்டுடியோவில் அவளுக்கு அதுதான் பெயர். பத்தொன்பது வருடமாகப் படங்களில் கூட்டத்தோடு கூட்டமாக அழுதவள். குழந்தை வீறிட வேண்டுமா, கிழவி விசும்ப வேண்டுமா, கூப்பிடு அவளை. கதாநாயகிக்குப் பேச ஒரே ஒருமுறை வாய்ப்புக் கேட்டபோது, "உங்க குரல்ல ஈர்ப்பு இல்லம்மா" என்றுவிட்டார் மேலாளர். இந்த வருடம் கணினியே அழக் கற்றுக்கொண்டது. மேலாளர் அவள் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

"அடுத்தவங்க வாய்க்குப் பேசினது போதும் அண்ணி. பஸ்ல எனக்குச் சொல்லுவீங்களே, அந்தக் கதைய இதுல சொல்லுங்க" என்று போனை நீட்டினாள் நாத்தனார். வீட்டில் எதிரொலிக்காத இடம் அந்த அலமாரி ஒன்றுதான்.

கதை அவளே கட்டியது. லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஐந்து பேர். ஐந்து குரலும் அவளுடையவை. தன் பெயரைப் போட்டு இணையத்தில் ஏற்றிய முதல் பகுதியைக் கேட்டவர்கள் பதினொரு பேர். அதில் ஒன்பது பேர் சொந்தக்காரர்கள். "ஊரே திரண்டு வந்துடுச்சு போல" என்றான் கணவன். சுருக்கென்றது. இரண்டாம் பகுதிக்கு அலமாரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஒன்பதாம் பகுதிக்குக் கீழே ஒரு லாரி ஓட்டுநர் எழுதியிருந்தார்: "வண்டிய ஓரங்கட்டிட்டுக் கேட்டேன்." அவர் யாருக்கு அனுப்பினாரோ, அவர்கள் யாருக்கு அனுப்பினார்களோ, வாரக் கடைசியில் கேட்டவர்கள் ஆறு லட்சம். வந்த கருத்துகளைக் கணவன் ஒன்றுவிடாமல் உரக்கப் படித்தான்.

மேலாளர் அழைத்தார். "கதாநாயகிக்கே பேசுங்கம்மா."

"பேர் போடுவீங்களா?"

"டப்பிங்குக்குப் பேர் போடற வழக்கம் நம்மகிட்ட இல்லையே."

"எனக்கு அந்த வழக்கம் வந்துடுச்சு சார். போடறதா இருந்தா கூப்பிடுங்க."

அவருக்கு முன்னால் அவள் போனை வைத்தது அதுதான் முதல் முறை. நாத்தனார் அவளை அப்படியே தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள்.

மறுநாள் காலை மருந்துக் கடையில், "வரிசை இதுதானே?" என்று கேட்டாள் அழுகைக்காரி. முன்னால் நின்ற பெண் சட்டென்று திரும்பி, காதிலிருந்த இயர்போனைப் பிடுங்கினாள்.

"அய்யோ, நீங்களா! லிஃப்ட் திறந்துடுமாக்கா? அத மட்டும் சொல்லிடுங்க."

அவளே இன்னும் முடிவு செய்திருக்கவில்லை. சிரிப்பு பொங்கியது. வரிசையே அவள் பக்கம் சாய்ந்தது. எடுத்த மாத்திரை அட்டையைக் கையில் பிடித்தபடி, கடைக்காரரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.