மெத்தைக்காரர் கண்ட கனவும் நிகண்டார் சொன்ன பொருளும்

உச்சியில் நின்று ஊரையே உலைக்களமாக்கிய கதிரவன் மேற்கே சற்றுச் சாய்ந்து, தன் கடுமைக்குத் தானே நாணியவன்போல் வெண்முகில் ஒன்றை முகத்தின்மேல் இழுத்துக்கொண்ட பொழுது அது. துறைமுகத்தில் கப்பல்கள் அசையாது நிற்க, கிடங்குகளின் பெருங்கதவுகள் பாதி சாத்திக் கிடக்க, சுமை தூக்குவோர் தாம் தூக்க வேண்டிய மூட்டைகளையே தலையணையாக்கிக் கண்ணயர, கடற்காற்று மட்டும் ஓய்வறியாத வேலைக்காரிபோல் தெருத்தெருவாகப் புழுதியைப் பெருக்கிக்கொண்டிருந்தது. அக்காற்று நுழைந்து திரும்பும் தெருக்களுள் ஒன்றில், பழைய மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், பஞ்சுத்துகள் பறந்து படிந்து, பலகையும் சுவரும் மாந்தர் புருவமும் ஒருநிறமாய் வெளுத்திருந்த மெத்தைக் கடையொன்றைக் காண்பீராக, தமிழ்நயம் தேரும் நல்லீர்! ஊரெல்லாம் உறங்கும் அவ்வேளையில் அங்கே உறங்காதவள் ஒருத்தி இருந்தாள். அவள் பட்ட பாடே இக்கதை.

அவள் மெத்தைக்காரரின் இல்லாள். துணியை அளந்து வெட்டுவதும், பஞ்சை அடித்துப் பதமாக்குவதும், வந்தவரிடம் பேசுவதும் அவள் பங்கு. முழ நீள ஊசியால் விளிம்பு சுற்றித் தைப்பதும், தைத்து முடித்த மெத்தையில் தாமே படுத்துப் பார்ப்பதும் அவர் பங்கு. கைக்குத் தெரியாத கட்டி முதுகுக்குத் தெரியும் என்பது அவர் கொள்கை. அக்கொள்கையின் பயனாய்ப் பகலுணவுக்குப் பின் நாள்தோறும் ஒரு நாழிகை உறக்கம், தொழில் என்னும் பெருமையோடு அவருக்கு வாய்த்திருந்தது. முப்பது ஆண்டுகள் அதைப் பொறுத்தவள், கடந்த ஒன்றரைத் திங்களாகத்தான் பொறுக்கமாட்டாதவள் ஆனாள். கடற்கரையில் புதிதாய் எழுந்த வழிப்போக்கர் விடுதிக்கென நாற்பது மெத்தைகள் தைக்கத் தொடங்கிய நாள்முதல், அவர் உறங்கி எழுந்து, முகங்கூடக் கழுவாமல், கனவு சொல்லத் தொடங்கியிருந்தார்.

“இன்னைக்கும் அதே ஊருதான். எங்க பார்த்தாலும் படிக்கட்டு. ஒரு மூஞ்சிகூடத் தெரிஞ்ச மூஞ்சி இல்லை.”

“படுத்துப் பாருங்கன்னா ஊரைச் சுத்திப் பார்த்துட்டு வர்றீங்க. மெத்தையில கட்டி இருந்துச்சா, அதைச் சொல்லுங்க.”

“ஒரு ஆளு என்னைப் பார்த்து, ‘வாங்க, உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கோம்’னு சொல்றான். யாருன்னே தெரியலை.”

“அவனுக்காவது உங்களால பிரயோஜனம் இருக்கட்டும். ஊசியை எடுங்க.”

மெத்தைக்கு ஒரு கனவாகக் கனவுகள் பெருகின. ஆற்றின் நடுவே அங்காடி கண்டார். கதவே இல்லாத பள்ளிக்கூடம் கண்டார். தம்மைச் சூழ்ந்து நின்று தமக்குத் தெரியாத ஒன்றுக்காகத் தம்மைப் பாராட்டிய கூட்டத்தைக் கண்டார். கண்டவற்றைக் கண்டபடியே விட்டாரா? இவற்றின் பொருள் யாது, இம்மாந்தர் யாவர், முன்பு பார்த்தவரா, இனிப் பார்க்கப்போகிறவரா என்று பஞ்சு அடிப்பவளின் பின்னாலேயே சுற்றிச் சுற்றி வந்தார். “உங்க கனவுல வர்றவங்களுக்கு நான் சோறாக்கிப் போடாததுதான் பாக்கி” என்று அவள் அடித்த அடியில் பஞ்சு கூரையைத் தொட்டது.

இவர்களுக்கு ஒரே மகள். செவிலிக் கல்வி கற்றுத் தேர்ந்த அவளுக்குக் கடல் கடந்த நகரொன்றின் மருத்துவமனையில் பணி கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் கப்பல். பணியாணையைக் காட்டினால்தான் கப்பலில் ஏற்றுவார்கள். குறித்த நாளில் சென்று சேராவிட்டால் அவ்விடம் அடுத்தவருக்குப் போய்விடும். ஆணை வந்த அன்று மெத்தைக்காரர் “நல்லது” என்ற ஒரு சொல்லோடு ஊசிக்கு நூல் கோக்கச் சென்றுவிட்டார். தாய்தான் பெட்டி வாங்கினாள், துணி மடித்தாள், நாளை எண்ணினாள்.

முப்பத்தொன்பதாம் மெத்தையில் வந்தது வினை. கனவூரின் படிக்கட்டில், முன்பின் அறியாத நரைத்த கிழவர் ஒருவர் நின்று, “தையல் பிரிஞ்சு போகுதே, நீ பார்த்துக்கிட்டு நிக்கறியே?” என்று கேட்டாராம். இல்லாளிடம் சொன்னால் என்ன கிடைக்கும் என்பதை அறிந்த மெத்தைக்காரர், இம்முறை நேரே மாடிக்கு ஏறிவிட்டார்.

மாடியில் குடியிருந்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஒரு சொல்லைக் கேட்டால் அதற்கீடாய் ஒன்பது சொற்களை ஒப்பித்துவிட்டே ஓய்வார் ஆதலால், தெருவார் அவரை நிகண்டார் என்றே அழைத்தனர். அவர் கண்களை மூடினார், தாடியை நீவினார், கடல் பொங்கினாற்போல் பேசினார்:

“தையல் என்னும் சொல் ஊசித்தொழிலை மட்டுமோ குறிக்கும்? பெண் என்றும் பொருள்படும் ஐயா! அறியாத ஊர், அறியாத மாந்தர், பிரிந்து போகும் தையல். இதனினும் தெளிவாக ஒரு கனவு எவ்வாறு பேசும்? உம் வீட்டுத் தையல் உம்மைப் பிரிவாள், மீளாள்.”

வாழ்நாளெல்லாம் தையல் தையல் என்று ஆயிரம் முறை சொல்லியும் ஒருமுறையேனும் அதனைத் திருப்பிப் பாராத மனிதர், அன்று அச்சொல்லுக்குள் தம் மகள் நிற்கக் கண்டார். படியிறங்கி வந்தவரின் முகம் பஞ்சினும் வெளுத்திருந்தது.

“அவ போக வேணாம்.”

“எதுக்கு?”

“ஐயா சொல்லிட்டாரு. தையல்னா பொண்ணாம்.”

“மெத்தை தைக்கிறவர் கனவுல மெத்தைத் தையல் வராம வேற என்ன வரும்? மீன்காரர் கனவுல மீன்தான் வரும்!”

“அவர் படிச்சவரு.”

“படிச்சவர்தான். போன வருஷம் கதவைக் கறையான் அரிக்குதுன்னு போய்ச் சொன்னேன். கறையானுக்கு எட்டுப் பேர் சொன்னாரு. சொல்லி முடிக்கறதுக்குள்ள கதவு விழுந்துடுச்சு.”

அவர் வாதாடாமல் ஊசியை எடுத்துக்கொண்டு நாற்பதாம் மெத்தையிடம் போனார். அப்போதே அவள் ஐயுற்றிருக்க வேண்டும். வேலை மிகுதியால் விட்டுவிட்டாள். வியாழன் நண்பகலில் மெத்தைகள் நாற்பதும் வண்டியேறி விடுதிக்குப் போயின. மாலையில், அடுக்கிய பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு நடுவே நின்றாள் மகள்.

“அம்மா, வேலை ஆர்டரைக் காணோம். எல்லாத்தையும் தேடிட்டேன்.”

தாய் பெட்டியைப் பார்க்கவில்லை, கணவரைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டே நூல் கோக்க வல்லவர், மும்முறை ஊசிக்கண்ணைத் தவறவிட்டிருந்தார்.

“எங்க வெச்சீங்க?”

“மெத்தைக்குள்ள.”

“எந்த மெத்தை?”

“அதான் தெரியலை. தைக்கறப்ப கண்ணு கலங்கிடுச்சு, அப்புறம் வண்டிக்காரங்க எல்லாத்தையும் ஒண்ணா அடுக்கிட்டாங்க.”

“அதுல படுத்துப் பார்த்தீங்களா?”

“அது ஒண்ணுல மட்டும் படுக்க மனசு வரலை.”

கத்துவதற்கும் பொழுதில்லாத சினம் ஒன்று உண்டு, நல்லீர். அதனைக் கண்டவர் மீண்டும் காண விரும்பார். அச்சினம் முன்னே நடக்க, கத்தரிக்கோலும் நூற்கண்டும் சுமந்து கணவர் பின்னே நடக்க, செருப்பின் வாரைக் கட்டவும் மறந்த மகள் இருவருக்கும் இடையே ஓட, மூவரும் விடுதியை அடைந்தனர். நீண்ட கூடங்கள் மூன்று. கட்டில்கள் வரிசை வரிசையாக. அவற்றுள் பாதியில் வந்திறங்கிய வழிப்போக்கர் அப்போதே சாய்ந்திருந்தனர். மெத்தைக்காரர் நாற்புறமும் நோக்கி, ஏமாற்றம் தோன்ற, “இது அந்த இடம் இல்லை. இங்க படிக்கட்டே காணோம்” என்றார்.

“இன்னொரு வார்த்தை பேசினீங்கன்னா உங்களையும் உள்ள வெச்சுத் தைச்சிடுவேன்.”

அவள் மெத்தைமெத்தையாக விளிம்பைத் தடவிக்கொண்டே சென்றாள். அவர் கையை அவள் அறிவாள். மகிழ்ந்திருந்தால் தையல் அகன்று உலாவும், பசித்திருந்தால் சாயும், தவறு செய்து அஞ்சியிருந்தால் எறும்பு வரிசைபோல் நெருங்கி நெருங்கி விழும். இரண்டாம் கூடத்தின் கடைசிக் கட்டிலில் அவள் விரல் நின்றது. அதன்மேல் மெலிந்த அம்மையார் ஒருவர் போர்வையை இழுத்து மூடிப் படுத்திருந்தார்.

“மன்னிச்சுக்குங்க அக்கா, கொஞ்சம் எழுந்திரிங்க. மெத்தையைப் பிரிக்கணும்.”

“ஏம்மா, படுத்து அஞ்சு நிமிஷம் ஆகலை. நான் வர்றதுக்கு முன்னாடி பிரிச்சுத் தொலைக்கக் கூடாதா?”

“உள்ள என் பொண்ணோட வேலை இருக்கு.”

“மெத்தைக்குள்ள வேலையா?” அம்மையார் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார். “அப்படியே என் பையனுக்கும் ஒண்ணு இருக்கான்னு கைவிட்டுப் பாரு.”

விளிம்பு பிளந்தது, பஞ்சு பிதுங்கியது, முழங்கை வரை நுழைந்த கை, நான்காய் மடித்த தாளோடு வெளிவந்தது. மகள் அதைப் பிரித்து, ஒவ்வொரு வரியும் உள்ளதா என்று படித்து, நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

“பார்த்தியா!” என்றார் மெத்தைக்காரர். “தையல் பிரிஞ்சுடுச்சு. கனவு பலிச்சுடுச்சு!”

“பலிக்கலை. நீங்க பலிக்க வெச்சீங்க. உட்கார்ந்து தைங்க.”

அவர் தரையில் அமர்ந்து தைத்தார். மகள் அருகே அமர்ந்து துணியின் இரு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்தாள். பாதி விளிம்பு வரை தையல் ஏறியது. பின்னர், தலை நிமிராமலே அவர் சொன்னார்:

“கனவுல யாரையுமே தெரியலைம்மா. நடுவுல முழிச்சுக்கிட்டு நின்னேன். அந்த ஊர்ல நீயும் இப்படித்தானே நிப்பேன்னு தோணிடுச்சு.”

“முதல் வாரம் அப்படித்தான்ப்பா இருக்கும். அப்புறம் பேர் கேட்டுக்குவேன்.”

அதைக் கேட்ட தாயின் சினம் தணிந்தது என்று எழுதினால் கதை அழகாய் முடியும். ஆயின் அது தணியவில்லை. “இதை மாடிக்குப் போகாம நேரா இவகிட்டயே சொல்லியிருந்தா நான் ஊர் மெத்தையெல்லாம் தடவியிருக்க வேணாம்” என்று சொல்லி, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

வெள்ளியன்று கப்பல் சென்றது. அது கடலும் வானும் தொடும் கோட்டில் கரைந்த பின்னும் கையசைத்துக்கொண்டிருந்தவரை, “போதும், கை கழண்டுடும்” என்று அவள் இழுத்து வந்தாள்.

மறுநாள் பகலுணவுக்குப் பின், வேறொருவர் வீட்டுக்கென முடித்த மெத்தையில் அவர் படுத்தார், உறங்கினார், எழுந்தார். எழுந்தவர், அன்றைக்கு முகம் கழுவிக்கொண்டு வந்து, ஒன்றும் பேசாமல் ஊசியை எடுத்தார். பேசினாலும் எரிச்சல், பேசாவிட்டாலும் எரிச்சல் என்றாகிவிட்ட அவள், பஞ்சடிப்பதை நிறுத்தி நிமிர்ந்தாள்.

“என்ன, இன்னைக்கு எந்த ஊரு?”

“ஊரெல்லாம் இல்லை. நம்ம வீடுதான்.”

“யாரு இருந்தாங்க?”

“யாரும் இல்லை.”

அங்காடி மாந்தருக்கும் பள்ளிக்கூட மாந்தருக்கும் உடனுக்குடன் விடை வைத்திருந்தவள், இம்முறை கீழே சிதறிய பஞ்சைக் கூட்டி அள்ளினாள். அறியாத மாந்தர் கனவில் வருவதற்கு ஆயிரம் பொருள் உரைப்பார் உளர், நல்லீர். அறிந்தவர் வாராமற்போவதன் பொருளைக் கேட்க எவரும் மாடி ஏறுவதில்லை. அவள் பஞ்சடிக்கும் கோலை மீண்டும் கையில் எடுத்தாள். அவர் விளிம்பை இழுத்துப் பிடித்தார். ஒருவர் முகத்தை மற்றவர் பாராதவாறு வெண்பஞ்சு இருவருக்கும் நடுவே எழுந்து எழுந்து விழ, அந்தி வந்து கடையை மூடச் சொல்லும் வரை அவர்கள் வேலையை நிறுத்தவில்லை.