கீழே அவள் எழுதுவாள்

திரையில் குறிப்பு எழுதும் ஆப்பின் சின்னம் ஒருமுறை துள்ளிவிட்டு அடங்கிப்போனது. வாத்தியார் மறுபடி அமுக்கினார். மறுபடியும் துள்ளியது, அடங்கியது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இதே கதைதான். வாத்தியார் என்றால் பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. வீடு மாற்றுகிறவர்களின் பீரோவையும் ஃப்ரிட்ஜையும் முதுகில் ஏற்றி மாடிப்படி இறங்குகிற ஆள். நாற்பதைத் தாண்டித்தான் எழுத்துக்கூட்டக் கற்றுக்கொண்டார். அன்றிலிருந்து அட்டைப்பெட்டிகளின் மேல் ஒட்டியிருப்பதையெல்லாம் உரக்கப் படித்துவிட்டே தூக்கியதில், கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் அது. "வாத்தியாரே, உள்ள கண்ணாடியா கரண்டியான்னு படிச்சு சொல்லு, அப்புறம் தோள் குடுக்கிறோம்" என்பார்கள்.

அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் இரவு வேலை. அவள் வந்து செருப்பைக் கழற்றும்போது இவர் லாரியில் ஏறியிருப்பார். இவர் வந்து முதுகைச் சாய்க்கும்போது அவள் பஸ்ஸில் இருப்பாள். விடுமுறையும் இருவருக்கும் வெவ்வேறு நாளில்தான். பல வருஷமாக ஒரே கட்டிலில் முறை வைத்துத் தூங்கினார்கள். பேச்செல்லாம் கூடத்துக் கம்ப்யூட்டரில் நடந்தது. சாயங்காலம் இவர் ஒற்றை விரலால் தட்டி வைப்பார். காலையில் அவள் படித்துவிட்டுப் பதில் எழுதி வைப்பாள். நேரில் பார்த்தால் "தண்ணி வந்துச்சா" என்பதற்கு மேல் அவருக்கு நாக்கு புரளாது. எழுத உட்கார்ந்தால், கல்யாணமான புதிதில் சொல்லியிருக்க வேண்டியதெல்லாம் கூட வந்து விழுந்தது.

இப்போது குடோனில் இரவு வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. வருகிற பெட்டிகளின் லேபிளைப் படித்துப் பிரித்து வைக்கிற வேலை. முழங்காலும் தேய்ந்துவிட்டது, படிக்கவும் தெரியும், நீயே வா என்றார் மேஸ்திரி. இன்று மதியத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். போனால் பகல் முழுக்க இருவரும் வீட்டில் இருக்கலாம். அவளுக்கு அது பிடிக்குமா என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. ஞாயிறு மாலை வெகுநேரம் உட்கார்ந்து அதைத்தான் எழுதிக் கேட்டிருந்தார். அவள் பார்ப்பதற்குள் ஆப் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு படுத்துவிட்டது. இன்று அரைநாள் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். அவள் வருகிற நேரம்தான்.

"எழுதுனதெல்லாம் போயிடுச்சாம்மா?" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளிடம் கேட்டார்.

"எங்கயும் போகலப்பா" என்றாள் மகள். அவள் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதுகிறாள். "ஆப்புதான் திறக்கல. நீ எழுதுனது எல்லாம் இந்த கம்ப்யூட்டர்லயே ஒரு டேட்டாபேஸ்ல கெடக்கு. ஆப்பத் திறக்காமலே அதை எடுக்கிறதுக்கு நான் ஒரு லைப்ரரி, அதான் ஒரு சின்ன புரோகிராம், எழுதியிருக்கேன்."

"வாசல்ல நுழையாத பீரோவ பால்கனி வழியா கயிறு கட்டி எறக்குறாப்ல."

"அதேதான். கயிறும் கப்பியும் நான் செஞ்சு வெச்சிருக்கேன். யாரு வேணா எடுத்து அவங்க வீட்டு பீரோவ எறக்கிக்கலாம்."

"கூலி?"

"சும்மாதான்."

"அப்படியே உங்கம்மா."

அவள் சிரித்தபடி நாலு வரி தட்டினாள். கோப்புகள் ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றன. திறந்து படித்தாள். "நான் ஒண்ணும் கோவிச்சுக்கல. தைலம் ஜன்னல்ல இருக்கு." அடுத்தது: "நேத்து எழுதுனத வேலையில நெனச்சு சிரிப்பு வந்துடுச்சு. பக்கத்துல இருந்தவ என்னடின்னு கேட்டா." அடுத்தது: "இப்படி எழுதி வெச்சா நான் எப்படித் தூங்குறது?"

மகள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "இதுக்கு மேல நான் படிக்கல சாமி."

ஞாயிற்றுக்கிழமைக் கோப்பைத் திறந்தாள். வெறுமையாக இருந்தது. கோப்பின் பெயரில் மட்டும் 'நான் உன்கிட்ட ஒண்ணு' என்று ஒட்டிக்கொண்டிருந்தது. மற்றவற்றையும் பார்த்தாள். எல்லாவற்றிலும் அம்மாதான் இருந்தாள்.

"அவ சொன்னதெல்லாம் இருக்கு" என்றார் வாத்தியார். "நான் சொன்னதுதான் இல்ல."

"திரும்ப எழுதிடேன்ப்பா."

"ஒரு தடவ தூக்கி எறக்கியாச்சு. மறுபடி அதையே ஏத்துன்னா முதுகு கேக்காது."

மகள் அவரையே பார்த்தாள். "எந்த எடத்துல எழுதுன? காட்டு."

திரையின் உச்சியைத் தொட்டுக் காட்டினார். "இங்க மேல ஒரு சின்னக் கட்டம் இருக்குமே, அதுல."

"அது தலைப்புப்பா. கீழ அவ்வளவு பெரிய எடம் இருக்கே."

"அது நல்லா எழுதத் தெரிஞ்சவங்களுக்குன்னு நெனச்சேன். எனக்கு இது போதாதா? அதுவுமில்லாம, கீழ உங்கம்மா எழுதுவா."

மகள் தன் புரோகிராமைத் திறந்தாள். தலைப்பைக் கோப்புக்குப் பெயராக வைக்கும்போது, நீளமாக இருந்தால் நறுக்கிவிடச் சொல்லி அவளே ஒரு வரி எழுதியிருந்தாள். தலைப்பில் போய் யார் அவ்வளவு எழுதப்போகிறார்கள் என்று நினைத்திருந்தாள். அந்த வரியைத் தூக்கினாள். தலைப்பை முழுசாகக் கோப்பின் முதல் வரியில் வைக்கச் செய்தாள். என்ன மாற்றம், எதற்கு என்று மற்றவர்களுக்குத் தெரிவிக்கிற இடத்தில், 'சிலர் தலைப்பிலேயே மனசு விட்டுப் பேசுகிறார்கள்' என்று எழுதினாள். அழிக்கலாமா என்று யோசித்து, இருக்கட்டும் என்று விட்டாள்.

மறுபடி ஓட்டியதும் ஞாயிற்றுக்கிழமை வந்தது.

'நான் உன்கிட்ட ஒண்ணு கேக்கணும் குடோன்ல ராத்திரி வேல இருக்காம் லேபில் பாக்குற வேல நானும் ராத்திரி போனா பகல்ல ரெண்டு பேரும் வீட்ல இருப்போம் நேர்ல பாத்தா எனக்கு பேச்சு வராது அப்பவும் என்னய உனக்கு புடிக்குமா'

மகள் எழுந்து, பாத்திரம் கழுவப் போகிறவள் போல உள்ளே போய்விட்டாள்.

சலவை சோப்பு வாசனையோடு மனைவி வந்தாள். கணவரைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றாள். "வேலைக்குப் போகலையா? உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல." அவர் எழுந்து நின்றார். "தண்ணி வந்துச்சு."

அவள் திரையைப் பார்த்தாள். தோளில் பையோடு நின்றபடியே படித்தாள். ஒருமுறை முடித்துவிட்டு மேலிருந்து மறுபடி படித்தாள். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, அந்த வரிக்குக் கீழே இருந்த வெள்ளை இடத்தில் எழுதத் தொடங்கினாள்.

"இங்கதான நிக்கிறேன். வாயால சொல்லேன்."

"பேசாம இருங்க. எழுதுறேன்ல."

ராத்திரி முழுக்க ஈரத்தில் ஊறிய விரல்கள். ஒரு எழுத்தைத் தட்டின, அழித்தன, மறுபடி தட்டின. மாடித் திருப்பத்தில், கீழே பிடித்திருப்பவன் குரல் கொடுக்கும்வரை பாரத்தைத் தாங்கி நிற்கிறவர் போல, வாத்தியார் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். விழுகிற ஒவ்வொரு எழுத்தையும் அவர் உதடுகள் சத்தமில்லாமல் கூட்டிக்கொண்டே போயின.